காட்டுக் காளான் – 7: கிள்ளாதீர்கள், தோண்டுங்கள்

காட்டுக் காளானை அடையாளம் காணும் வழிகளில் போன வாரம் குடை, அடி மடிப்பு, தண்டு, வளையம் வரை வந்தோம். இந்த வாரம், மடிப்பிலிருந்து உதிரும் வித்துத்தூளின் நிறம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் தண்டின் அடியைப் பார்த்துவிட வேண்டும். உயிர் போகிற விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மழை விட்ட காலையில் புற்றோரம் வெள்ளை வெளேரென்று கூட்டமாக நிற்கும் புற்றுக்காளானைப் பெரும்பாலும் தரையோடு கிள்ளித்தான் எடுக்கிறார்கள். மண் ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் இது எந்தக் காளான் என்பதற்கான முக்கிய சாட்சி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

ஒன்றையாவது தோண்டிப் பாருங்கள். புற்றுக்காளானின் தண்டு தரையோடு முடிவதில்லை. மெலிந்து, வேராக நீண்டு, ஒரு சாண், சில இடங்களில் ஒரு முழத்துக்கும் மேல் இறங்கும். அது போய்ச் சேரும் இடம் கறையானின் தோட்டம். சருகையும் மரத்தையும் தின்னும் கறையான்கள் அரைகுறையாகச் செரித்த எச்சத்தைப் புற்றுக்குள் அடுக்குகின்றன. அதில் பூஞ்சை படர்ந்து, கடினமான மரச்சத்தை உடைத்துக் கொடுக்கிறது. அங்கே விளையும் வெண்ணிற முடிச்சுகள் கறையானுக்கு உணவு. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேளாண்மை இது. சிப்பிக்காளான் மாதிரி புற்றுக்காளானை வைக்கோலில் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர முடியாததற்குக் காரணமும் கறையானோடு உள்ள இந்த உறவுதான்.

புற்றுக்குள் பூஞ்சை இருப்பதை முதலில் எழுதிவைத்தவரைத் தேடிப் போனால், பாதை தரங்கம்பாடிக்கு வருகிறது! யோஹான் கெர்ஹார்ட் கோனிக், தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தவர், வைத்தியம் பார்த்த நேரம் போகத் தஞ்சைச் சீமையின் செடிகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தார். 1779இல் பெர்லினில் வெளியான அவருடைய ஜெர்மன் கட்டுரை முழுக்கக் கறையானைப் பற்றியது. புற்றுக்குள் வளரும் பூஞ்சையும் அதில் இருக்கிறது, நம்மவர்கள் ஈசல் பிடித்துத் தின்பதும் இருக்கிறது. இந்தக் காளான்களுக்கென்று டெர்மிட்டோமைசஸ் என்ற பேரினத்தை பிரான்சின் ரோஜர் ஹெய்ம் வகுத்தது 1942இல்தான். கோனிக் எழுதிச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1979இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் புதிய இனம் ஒன்றை விவரித்து, ஹெய்மின் பெயரால் டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்று பெயரிட்டார்.

இந்த ஹெய்மிக்குத் தண்டில் வளையம் உண்டு. கொல்லும் அமானிட்டா காளான்களுக்கும் உண்டு. ஆகவே வளையத்தை மட்டும் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. அமானிட்டாவுக்குப் பொதுவாக நீண்ட வேர் கிடையாது. மொக்காக இருக்கும்போது முழுக்க ஓர் உறைக்குள் முட்டை வடிவில் இருக்கும். வளர்ந்தபின் அந்த உறையின் மிச்சம் தண்டின் அடியில் கிண்ணமாக, பெரும்பாலும் மண்ணுக்குள் நிற்கும். தரையோடு கிள்ளினால் கிண்ணம் கண்ணில் படாது. வேர் இருந்தாலே நல்ல காளான் என்றும் நம்ப வேண்டாம். புதைந்த கட்டையில் வேர்விடும் வேறு காளான்களும் உண்டு. வேர் எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்ற சோதனைகள் எதுவும் அமானிட்டாவைக் காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் நஞ்சு அழியாது. தின்று 6 மணி நேரமாவது கழித்துத்தான், பல சமயம் அரைநாள் சென்று, வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு உடம்பு தேறியதுபோல் ஒரு நாள் ஏமாற்றும். அதற்குள் ஈரல் அழியத் தொடங்கியிருக்கும். அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

வெள்ளை மடிப்பு மெல்லப் பச்சையாகும் புல்வெளிக் குடைக்காளான் இன்னொரு ஏமாற்றுக்காரன். அதைப் பிடிக்க வித்துத்தூள்தான் வழி. அடுத்த வாரம் அதைக் கட்டாயம் பார்ப்போம். அதுவரை, கூடையில் ஒரு காளானின் அடி தெரியாவிட்டாலும் அந்தக் கூடையை அடுப்பேற்றாதீர்கள். யாராவது தின்று வாந்தி எடுத்தால், மிச்சக் காளானையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.