அன்போடு ஊற்றிய காப்பி

பேகம்பூரில் ஒரு சந்து வீடு. விடியற்காலைத் திருப்பலிக்குப் புறப்பட எழுந்த முதியவரின் வாய் திடீரெனக் கோணிற்று; வலக்கை தொய்ந்தது; பேச்சுக் குழறிற்று. ‘வாயுப் பிடிப்பாக இருக்கும்’ என்றார் ஒருவர். புறா இரத்தம் தேய்த்தால் சரியாகும் என்றார் இன்னொருவர். அவருடைய துணைவியார் பதற்றத்தில் சூடான காப்பியைக் கொணர்ந்து வாயில் ஊற்றினார். பெரியவருக்குப் புரையேறியது. எதிர்வீட்டுப் பாய் தம் ஆட்டோவைக் கொண்டு வந்து நிறுத்திய பிறகே அனைவரும் மருத்துவமனைக்கு விரைந்தனர்.

நாம் அவரைக் காணச் சென்றபோது ஒரு வாரம் கழிந்திருந்தது. பக்கவாதத்தைவிட நெஞ்சில் கட்டிய சளியும் காய்ச்சலுமே அவரை மிகுதியாக வாட்டின. “நான்தானே ஊற்றினேன்” என்று அம்மையார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அருகில் நின்ற செவிலி, “அம்மா, தெரியாமல் செய்தது. இனிமேல் நான் சொல்லும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்” என்றார். அந்த ஒரு சொல்லின் பொருளை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது பக்கவாதம். கைகால்கள் மட்டுமல்ல, விழுங்கும் தசைகளும் வலுவிழக்கலாம். அப்போது வாயில் இடும் நீர் உணவுக்குழலுக்குச் செல்லாமல் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். சிலருக்கு இருமல்கூட வராது. உள்ளே இறங்கியதை எவரும் அறியார். ஆகவே, தேர்ந்த செவிலி நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டி நீர் கொடுத்து, தொண்டை அசைவையும் குரல் மாற்றத்தையும் உற்றுநோக்கிய பின்னரே உணவுக்கு இசைவு தருகிறார்.

இது சிறு காரியமன்று. ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியர் முறை தவறாது கண்காணித்த பிரிவுகளில், 90 நாள்களுக்குப் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் 100க்கு 42 பேர். மற்றப் பிரிவுகளில் 58 பேர். புதிய மருந்து எதுவும் அங்கே தரப்படவில்லை! வெப்பமானியும் சர்க்கரைச் சோதனையும் கரண்டி நீருமே கருவிகள்.

மருந்தும் உண்டு. அடைப்பினால் வந்த பக்கவாதமாயின், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வெடிப்பினால் வந்ததாயின் அதே ஊசி உயிருக்கே உலை வைக்கும். ஆதலால் முதலில் தலையை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?’ என்று மருத்துவர் வினவுவது இதற்காகவே. வீட்டார் கடிகாரத்தைப் பார்த்து வைத்தல் வேண்டும். ஊசி போட்ட பின் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், அடுத்த 6 மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறையும், பிறகு ஒரு நாள் முடியும்வரை மணிக்கு ஒருமுறையும் இரத்த அழுத்தத்தையும் உணர்வையும் செவிலி பார்க்கிறார். பக்கத்துக் கட்டிலில் உறங்கும் உறவினர் இதைக் காண்பதில்லை.

நம் நாட்டில் இக்கலைக்கு வித்திட்ட இடங்களுள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதன்மையானது. 1909இல் ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. 1949இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி அங்கு நரம்பியல் துறையை நிறுவினார். திண்டுக்கல்லிலோ 2022 ஜனவரியில்தான் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

மருத்துவமனையை விட்டு இல்லம் திரும்பிய பின் பாரம் குடும்பத்தின் தோளில் இறங்குகிறது. படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், ஈரத் துணியை உடனே மாற்றுதல், குதிகாலும் இடுப்பும் சிவந்துள்ளனவா எனப் பார்த்தல் ஆகியவை படுக்கைப் புண்ணைத் தடுக்கும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவோரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தோள் மூட்டு நழுவிவிடும். பேச்சிழந்தவரைச் செவிடரென எண்ணிச் சிலர் உரக்கக் கத்துகின்றனர். அவர்முன்னே சொத்துப் பிரிவினை பேசுவதும் உண்டு. பேச வராத பலருக்குக் கேட்பது விளங்குகிறது என்பதை மறத்தலாகாது.

குடும்பத்தார் கற்றுக்கொண்டால் போதுமா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரிடம் இதைச் சோதித்தனர். 2017இல் வெளிவந்த முடிவு நம் ஆர்வத்துக்கு அணை போட்டது: வீட்டாருக்குப் பயிற்சி தந்த குழுவிலும் தராத குழுவிலும் 6 மாதத்தில் இறந்தோரும் சார்ந்து வாழ்வோரும் 100க்கு 47 பேரே. வீட்டாரின் பணிவிடை வீண் என்று இதற்குப் பொருளன்று. பயிற்சி பெற்ற செவிலிக்கும் உடற்பயிற்சி வல்லுநருக்கும் அது மாற்றாகாது என்பதே நம் கருத்து. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு வழியுண்டு. கேட்டுப் பெறக் கூச்சப்படலாகாது.

நற்கருணை கொணரும் பங்குத்தந்தையிடமும், ‘இவருக்கு விழுங்க இயலுமா எனச் செவிலியைக் கேட்டோம்’ என முன்கூட்டியே சொல்லுதல் நலம். அப்ப வடிவில் உட்கொள்ள இயலாதவருக்குத் திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்கத் திருச்சபைச் சட்டம் 925 இடம் தருகிறது. நீர்மமும் ஆபத்தாகும் நோயாளருக்கு அதன் அளவையும் முறையையும் செவிலியிடம் கேட்டுக்கொள்வதே தகும்.

பேகம்பூர்ப் பெரியவர் ஐந்தாம் வாரத்தில் கஞ்சி அருந்தத் தொடங்கினார். கெட்டியான கஞ்சி, நிமிர்ந்த முதுகு, தாழ்ந்த மோவாய், ஒவ்வொரு கரண்டிக்கும் இடையே ஒரு மூச்சு. ஊட்டியவர் அதே அம்மையார். வாசலில் பாய் ஆட்டோவைத் துடைத்தவாறே எட்டிப் பார்த்து, “அத்தா, காப்பி எப்போ?” என்று கேட்டார். அம்மையார் செவிலி எழுதித் தந்த சீட்டைச் சுவரிலிருந்து எடுத்துக் காட்டினார்.