மடங்கும் தொப்பி

19ஆம் நூற்றாண்டில் இலண்டனிலும் பாரிசிலும் இரவு விருந்துக்கோ இசை நாடகத்திற்கோ செல்லும் செல்வர்கள் இன்ன உடைதான் அணிய வேண்டும் என்னும் மரபு இருந்தது. முன்புறம் இடுப்போடு நின்று, பின்புறம் முழங்கால்வரை இரு வால்களாக நீளும் கறுப்புக் கோட்டு. வெண்ணிறத்தில் கையில்லாத உட்கோட்டும் கழுத்துப்பட்டையும். தலையில் உயரமான பட்டுத்தொப்பி.

இவற்றுள் தொல்லை தந்தது தொப்பியே. தெருவில் தொப்பியின்றி நடப்பது முறையன்று. அரங்கினுள் அதை அணிந்திருப்பதும் முறையன்று. எனில், அதை எங்கே வைப்பது? மடியில் இருந்தால் இடைஞ்சல். இருக்கையின் கீழ் வைத்தால் மிதிபட்டு நசுங்கும்.

மரபைத் தளர்த்த எவரும் எண்ணவில்லை என்பது வியப்பே. பாரிசு நகரில் தொப்பி செய்துவந்த அந்துவான் கிபூஸ் தொப்பியையே மாற்றினார். அதன் உட்புறத்தில் எஃகு வில்கம்பிகளைப் பொருத்தினார். மேலிருந்து அழுத்தினால் அது தட்டுப்போல் மடங்கும். அக்குளில் இடுக்கிக்கொள்ளலாம், இருக்கைக்கடியில் செருகலாம். நாடகம் முடிந்து வெளியேறும்போது சற்றே தட்டினால், 'டப்' என்னும் ஓசையுடன் பழைய உயரத்திற்கு எழும். பட்டுத்தொப்பியின் பளபளப்பு இதற்கு இல்லை; மங்கிய கறுப்புத் துணியே இதன் மேலுறை. பிரெஞ்சு மொழியில் இத்தொப்பிக்கு இன்றும் 'கிபூஸ்' என்றே பெயர்.