பசுமைக்குடிலில் தண்ணீர் தெளித்தும் ஏன் புழுங்குகிறது?

மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக உறிஞ்சும் வெப்பம், ஐந்து லிட்டர் ஐஸ் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானை குளிராது. மூடிய குடிலும் அப்படித்தான். ஆகவே முதலில் திறக்க வேண்டியது குழாயை அல்ல, கூரைச் சாளரத்தை.

வெளி அனல் உள்ளே வராதா என்பீர்கள். நண்பகலில் உள்ளே இருப்பது அதைவிடச் சூடான காற்று. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கண்ணாடி மூடிய பெட்டியையும் பாறையுப்புத் தகடு மூடிய பெட்டியையும் வெயிலில் வைத்தார். கண்ணாடி தடுக்கும் வெப்பக் கதிரைப் பாறையுப்பு தடுக்காது. ஆனாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. சூட்டைப் பெருக்கியது அடைபட்ட காற்றுதான். அது மேலேறி வெளியேறக் கூரை உச்சியில் ஒரு வழி, புதுக்காற்று நுழையத் தாழ்வாக இன்னொன்று. அதற்குப் பிறகு தெளியுங்கள், காலையிலேயே. இரவெல்லாம் இலையில் தங்கும் ஈரம் பூஞ்சைக்கு விருந்து.