அக்குளில் ஒரு கருப்புப் பொருக்கு

அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்கு ஏறும் வழியெங்கும் மழை ஓய்ந்த பிறகு புதர் மண்டிவிடும். ஆடு மேய்ப்பவர், புல் அறுப்பவர், விறகு பொறுக்குபவர் எல்லோரும் அதற்குள் நுழைந்துதான் வரவேண்டும். இப்படிப்பட்ட புதர்க்காடுதான் உண்ணிக் காய்ச்சலின் பிறப்பிடம். 'ஸ்க்ரப் டைபஸ்' என்பது இதன் மருத்துவப் பெயர்.

மாட்டின் மேலிருந்து பிடுங்கிப் போடுகிறோமே, அந்த உண்ணி வேறு. இந்நோயைப் பரப்புவது மண்ணில் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கடித்தது தெரியாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் பீடியால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காததால் நோயாளியே அதைக் கவனித்திருக்க மாட்டார். எல்லோருக்கும் அது வருவதுமில்லை.

நோய்க்குக் காரணமான 'ஓரியன்சியா சுட்சுகமுஷி' பாக்டீரியா நம் செல்லுக்குள் புகுந்து வாழ்கிறது. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் சுவரைத் தாக்குபவை. இதற்கோ அந்தச் சுவர் பெயரளவுக்குத்தான். அதனால் அவை பலிப்பதில்லை. 1948இல் மலாயாவில் குளோராம்பெனிகால் என்ற மருந்து இந்நோயைக் கட்டுப்படுத்தியது. இன்று டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் கைகொடுக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின்தான் தருவார்கள்.

நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று நோய் முற்றியவர்களுக்கு எது நல்லது? வேலூர் சிஎம்சி மருத்துவர் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. சுமார் 800 நோயாளிகளுக்கு ஏழு நாள் ஊசிவழி மருந்து தரப்பட்டது. மரணம், தீராத சிக்கல், இறங்காத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம் பேரும் அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம் பேரும் பாதிக்கப்பட்டிருந்தனர். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதமே. காரணம் இதுவாக இருக்கலாம்: பாக்டீரியாவின் புரதம் நெய்யும் தறியில் ஒரு மருந்து சின்னப் பாகத்தையும் மற்றது பெரிய பாகத்தையும் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை.

முற்றிய பிறகு இரண்டு மருந்தும் ஓரளவுக்குத்தான். முதல் வாரத்திலேயே தொடங்கினால், விலை மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரைக்கே பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆகவே காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால், காட்டு வேலைக்குப் போனதை மறக்காமல் சொல்லுங்கள். உடம்பில் பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள்.