ஊறிய சாயமும் பிறவிக் குணமும்

மனிதனுடைய அந்தரங்க உணர்ச்சிகளையும் ஆழப் பதிந்த சுபாவத்தையும் குறிக்க ஆங்கிலத்தில் ஏராளமான சொற்கள் உண்டு. அவற்றின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டே போனால், பாதிச் சொற்கள் பழைய வைத்தியனின் மருந்துச் சாலையிலும், மீதியில் பல சாயப் பட்டறையிலும் கொண்டுபோய் விடுகின்றன.

முதலில் வைத்தியனைப் பார்ப்போம். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்ற நான்கு நீர்களால் ஆனது மனித சுபாவம் என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். வாதம், பித்தம், சிலேத்துமம் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்ட நமக்கு இது விளங்காத விஷயமல்ல. அந்த நீர்களுக்கு ‘ஹ்யூமர்’ என்று பெயர். இன்று நகைச்சுவைக்கு வழங்கும் அதே சொல்தான். ‘மெலங்கலி’ என்றால் கிரேக்க பாஷையில் கறுப்புப் பித்தம். அது மிஞ்சினால் சோகம். இரத்தம் மிகுந்தவன் எப்போதும் உற்சாகி, அவன் ‘ஸாங்குவின்’. சளி மிகுந்தவன் வீடு பற்றி எரிந்தாலும் பதறாத ‘ஃப்ளெக்மாடிக்’ ஆசாமி. நான்கும் கலந்திருக்கும் பக்குவமே ‘டெம்பர்’. ஒருவர் டெம்பரை இழந்துவிட்டார் என்றால், உள்ளே இருந்த கலவை கெட்டுவிட்டது என்று அர்த்தம்!

1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி, இருதயத்தின் வேலை இரத்தத்தை உடல் முழுதும் சுற்றி ஓடச் செய்வதுதான் என்று நிரூபித்து நூல் வெளியிட்டார். வைத்தியம் மாறிவிட்டது. சொற்கள் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. தைரியத்தைக் குறிக்கும் ‘கரேஜ்’ என்ற சொல்லுக்குள் லத்தீனின் இருதயம் இன்னும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

குடலில் குடியிருந்த கருணை

இருதயத்தையாவது ஒப்புக்கொள்ளலாம். இரக்கத்துக்கு இருப்பிடம் குடல் என்றால் இன்றைய ஆங்கிலேயரே முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் 1611-ல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளியான பைபிளில் கருணை குடியிருப்பது ‘பவல்ஸ்’, அதாவது குடலில்தான். மூலமான கிரேக்கச் சொல்லும் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளையே குறித்தது. 1650-ல் ஆலிவர் கிராம்வெல் ஸ்காட்லாந்து திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாங்களும் தவறியிருக்கக் கூடும் என்று சற்றே எண்ணிப் பார்க்கும்படி அதில் அவர் மன்றாடினார். மன்றாடியது கிறிஸ்துவின் குடலின் பேரில்! கேட்டவர்கள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அதைவிட உருக்கமான சொல் கிடையாது.

1881-ல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்ட பண்டிதர்களுக்கு அது ரசிக்கவில்லை போலும். பல இடங்களில் குடலை எடுத்துவிட்டு ‘இருதயம்’ என்றும் ‘இரக்கம்’ என்றும் போட்டார்கள். பழைய ஆங்கில பைபிளில் மனிதனின் இரகசிய எண்ணங்கள் தங்கும் இடமாகச் சிறுநீரகமும் வருகிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் சாமர்த்தியமாக ‘உள்ளிந்திரியங்கள்’ என்று நாசூக்காக முடித்துவிட்டார்கள்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! மரியாதையை முன்னிட்டு வாசல் வழியே அனுப்பப்பட்ட குடல், இருபதாம் நூற்றாண்டில் ‘கட் ஃபீலிங்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்து சேர்ந்துவிட்டது. காரணம் சொல்ல முடியாமல் உள்ளே தோன்றும் உணர்ச்சிக்கு அந்தப் பெயர். ‘பெற்ற வயிறு’ என்றும் ‘ஈரக்குலை நடுங்கியது’ என்றும் பேசுகிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குடலின் சுவரிலேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருப்பதாக விஞ்ஞானிகளும் சொல்லுகிறார்கள்.

போகாத சாயம்

இனிச் சாயப் பட்டறை. ஊறிப்போன பழக்கத்தையும் துவேஷத்தையும் ‘இன்கிரெய்ன்ட்’ என்பார்கள். ‘கிரெய்ன்’ என்றதும் மரத்தில் ஓடும் ரேகை ஞாபகத்துக்கு வரும். ஆங்கிலேயரிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒருவகைக் கருவாலி மரத்தில் சிறு பூச்சிகள் ஒட்டி வாழும். காயவைத்தால் அவை தானியமணி போலவே இருக்கும். பழங்கால மக்கள் விதை என்றே எண்ணி அதற்குத் ‘தானியம்’ என்று பெயரிட்டார்கள். அதிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் இலேசில் போகாது; விலையும் அதிகம். ராஜாக்களும் பிரபுக்களும் அணிந்த உயர்ந்த சிவப்புத் துணிகளுக்கு அந்தச் சாயமே ஏறியது. பிற்பாடு மெக்ஸிகோவிலிருந்து வேறொரு பூச்சிச் சாயம் வந்து அதைத் தள்ளிவிட்டது. ‘கிரெய்னில் தோய்ந்தது’ என்றால் துவைத்தாலும் வெளுக்காதது. துணிக்குச் சொன்னதை மனிதனுக்கும் சொன்னார்கள்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. துணியாக நெய்த பிறகு தோய்க்காமல், நூற்பதற்கு முன் கம்பளி மயிராக இருக்கும்போதே சாயம் ஏற்றினால் அது இன்னும் ஆழமாகப் பிடிக்கும். அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், கட்சி மாறாத பேர்வழியைக் ‘கம்பளியிலேயே தோய்ந்தவர்’ என்று வருணித்தார்கள். (அதே அமெரிக்கர்கள் 1960-களில், துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடும் நம் சென்னைத் துணியை, சாயம் ஓடுவதற்காகவே ஆசையாக வாங்கி அணிந்தார்கள் என்பது தனிக் கதை.)

பிறப்பா, பழக்கமா?

சாயம் எவ்வளவு ஆழமாகப் பிடித்தாலும் அது வெளியிலிருந்து வந்ததே. பிறக்கும்போதே இருப்பதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள்: ‘இன்னேட்’, ‘இன்பார்ன்’. எலும்பிலேயே வளர்ந்தது என்றும் சொல்வார்கள். மனத்தில் பிறவிக் கருத்து எதுவுமே கிடையாது, அது வெள்ளைக் காகிதம் என்று 1690-ல் வாதித்தார் ஜான் லாக். 1874-ல் பிரான்ஸிஸ் கால்டன் ‘இயற்கையும் வளர்ப்பும்’ என்று அந்த வழக்கை மறுபடி கிளப்பி, இயற்கையின் பக்கம் நின்றார். கைரேகையைப் பற்றி 1892-ல் நூல் எழுதியவரும் அவரே.

இது அகராதிக்காரர்களின் சண்டை என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. 1871-ல் பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குற்றத்துக்கு ‘அடிக்டெட்’ ஆன கூட்டங்கள் என்று அந்தச் சட்டம் பேசிற்று. பழைய ரோமாபுரியில், கடனைத் தீர்க்க முடியாதவனை நீதிபதி கடன்காரனிடம் ஒப்படைத்துவிடுவார். அப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்குத்தான் ‘அடிக்டஸ்’ என்று பெயர். சொல் அப்படியிருக்க, நடந்தது வேறு. தனி மனிதன் செய்த குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. அறிவிக்கப்பட்ட ஜாதியில் பிறந்திருந்தாலே போதும், பெயரைப் பதிவு செய்து கைரேகை வாங்கலாம்.

1911-ல் இந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்கள் மீது அது பாய்ந்தது. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ரத்தாயிற்று. நாடு முழுவதும் 1952-ல். மறு வருஷமே, 1948-ல், சென்னையில் அதன் இடத்துக்கு வந்த சட்டத்தில் ‘பரம்பரை’ இல்லை. ‘ஹாபிச்சுவல்’ குற்றவாளிகள், அதாவது பழகிப்போன குற்றவாளிகள் என்று எழுதினார்கள். ‘ஹாபிட்’ என்ற சொல்லுக்கு முன்னாளில் உடை என்றும் பொருள் இருந்தது. கன்னியாஸ்திரீகள் அணியும் அங்கியை இன்றும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்லுகிறார்கள்.