உங்கள் கணக்கில் ஊரார் பணம்

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம். செக்யூரிட்டி ஒருவரின் மகளுக்கு ஆபரேஷன் என்று தெரிந்த அன்று மதியமே வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்கள். ‘என் நம்பருக்கே ஜிபே பண்ணிடுங்க, நான் கட்டிடறேன்’ என்றார் ஒரு டீம் லீட். மூன்றே நாளில் நான்கு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. அவரும் ஒரு பைசா தொடாமல் ஆஸ்பத்திரியில் கட்டினார். பிறகு வருமான வரி நோட்டீஸோடு என்னிடம் வந்தபோது அவர் கையில் இருந்தவை மூன்று ஸ்கிரீன்ஷாட்கள்தான். குழுவை எப்போதோ கலைத்துவிட்டார்களாம்.

இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் யோக்கியமானவர்கள். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்தால், முழுத் தொகையையும் உங்கள் வருமானமாகவே சட்டம் பார்க்கும். 50,000-க்கு மேற்பட்டது மட்டும் இல்லை, முழுவதும். ‘வாங்கிக் கொடுத்தவன்தான் நான்’ என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில் விழும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? யார், எந்தத் தேதியில், எவ்வளவு அனுப்பினார் என்ற பட்டியல், வங்கி ஸ்டேட்மென்ட், ஆஸ்பத்திரியின் அசல் ரசீது, பணம் பெற்றுக்கொண்டதாகக் குடும்பத்தாரின் கடிதம் ஆகிய நான்கையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து பில்லிங் கவுன்டரில் போய் டூப்ளிகேட் ரசீது கேட்டுப் பாருங்கள், அலையவிடுவார்கள்.

ஒருவருக்காக ஒரு முறை செய்கிற உதவி என்றால் பணத்தை வசூலிக்கவே வசூலிக்காதீர்கள். நோயாளியின் ஐபி (உள்நோயாளி) நம்பரையும் ஆஸ்பத்திரியின் வங்கிக் கணக்கையும் கேட்டு வாங்கிக் குழுவில் போடுங்கள். அவரவர் நேராகக் கட்டட்டும்.

மாதாமாதம் கொடுக்கிற குழு என்றாலும் எடுத்த எடுப்பில் டிரஸ்ட் வேண்டாம். நன்றாக நடக்கிற தொண்டு நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கொடையாளர்களுக்கு வரிச் சலுகை தருகிற 80ஜி பதிவு அதற்கு இருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அவர்கள் நீட்டுகிற ஜெராக்ஸை நம்ப வேண்டாம். அங்கும் அவரவர் பான் எண்ணோடு அவரவரே கட்ட வேண்டும். ஒருவர் மொத்தமாகக் கட்டினால் சான்றிதழ் அவர் பெயருக்குத்தான் வரும், மற்றவர்களுக்குச் சலுகை கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி சலுகையே இல்லை. ஆகவே அதைச் சொல்லி ஆசை காட்டி ஆள் சேர்க்காதீர்கள்.

இல்லை, எங்களுக்கென்று டிரஸ்ட் வேண்டும் என்கிறீர்களா? பதிவுத்துறை இணையதளத்தில் டோக்கன் எடுத்து, ஆதார், பான், புகைப்படம், இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். வாடகை இடத்தை முகவரியாகக் காட்டினால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். கம்பெனியின் பெயரையோ லோகோவையோ எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் போடாதீர்கள்.

பத்திரம் எழுதுகிற இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஆவண எழுத்தரிடம் ஒரே ஒரு பழைய மாதிரி இருக்கும், பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார். சார்பதிவாளர் அலுவலகத்திலும் முத்திரைத் தாளைத்தான் பார்ப்பார்களே தவிர உள்ளே இருப்பதை யாரும் படிப்பதில்லை. நீங்கள் வரிவரியாகப் படியுங்கள். பயன் பொதுமக்களுக்கு என்று இருக்க வேண்டும். ‘எங்கள் ஊழியர்களுக்கு மட்டும்’ என்று எழுதினால் 80ஜி கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். டிரஸ்ட் திரும்பப் பெற முடியாதது என்றும், கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்குப் போகும் என்றும் எழுதியிருக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் மறக்கிற ஒன்று: வேலை மாறிப் போகிற டிரஸ்டியை எப்படி விடுவிப்பது? பெங்களூருக்குப் போனவரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த செக்கைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு டிரஸ்ட் பெயரில் பான், வங்கிக் கணக்கு, வருமான வரித் தளத்தில் 80ஜி பதிவுக்கான 10ஏ விண்ணப்பம். அதற்கு அரசுக் கட்டணம் கிடையாது. புரோக்கரின் ‘ஆபீஸ் செலவு’ கணக்கை நம்பாதீர்கள். முதலில் கிடைப்பது மூன்று ஆண்டுத் தற்காலிகப் பதிவு. கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்றாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தண்டம். இவையெல்லாம் பழகிய பழைய சட்டத்தின் எண்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால், இன்றைய எண்களை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கிளை நண்பர்களிடம் வாங்கும்போது அவர்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்க வெட்கப்படாதீர்கள். இந்தியக் குடிமகன் வங்கி வழியாகத் தன் சேமிப்பிலிருந்து அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அந்நியர். அவர் பணத்தைத் தொட உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அந்த அமைச்சகத்தில் பதிவு பெற அமைப்பு மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். புதுக் குழுவுக்கு ஆகிற காரியமா? நூறு டாலர்தானே என்று வாங்காதீர்கள்.

இன்னொன்று. கணக்குக் கேட்டால் படம் காட்டுகிறார்கள். காப்பகத்தில் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, கேக்கைக் கையில் கொடுத்து, நடுவில் அடையாள அட்டை தொங்க நம்மவர். காப்பகக் குழந்தையின் படத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ரசீதைப் போடுங்கள், வங்கி ஸ்டேட்மென்டைப் போடுங்கள். அந்தப் படம் இன்னும் யார் ஸ்டேட்டஸிலாவது இருந்தால் இப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.