பழைய மோட்டாருக்கு உயிர் கொடுக்கும் ஜெட்

அப்பா பால்வெட்டுக்கு ஓட்டிய ஹோண்டா கப் 70 உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? 1958-இல் ஜப்பானில் தோன்றிய கப் வரிசையைச் சேர்ந்த வண்டி அது. அதன் அசல் கார்புரேட்டர் பாகங்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. இருப்பதைக் கெடுக்காமல் காப்பதே முதல் வேலை.

வண்டி திணறினால் ஜெட் அடைத்திருக்கலாம். இந்தச் சிறு பித்தளைத் துண்டின் துவாரம்தான் பெட்ரோலை அளந்து விடுகிறது. அதை ஊசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது. துவாரம் மயிரிழை அகன்றாலும் பெட்ரோல் கூடுதலாகப் போய் பிளக்கில் கரி படியும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துவாரம் வட்டமாகத் தெரிய வேண்டும். ஜெட்டில் பொறித்துள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். மாற்ற நேர்ந்தால் அதே எண்ணைக் கேட்டு வாங்கலாம்.

பெட்ரோல் ஒழுகுகிறதா? மிதவையைக் குலுக்குங்கள், உள்ளே சலசலத்தால் அது ஓட்டை. ஊசி முனையில் தேய்ந்த வளையம் தெரிந்தால் ஊசியை மாற்றுங்கள்.

பல நாள் ஓட்டாவிட்டால் அடிக்கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். தேங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும்.

ஒன்றை மறவாதீர்கள்: இவ்வேலைக்கு வீட்டு வாசலே இடம். அடுப்பும் சாமி விளக்கும் பிள்ளைகளும் அருகில் இருக்கவே கூடாது.